பவர் சப்ளையின் பெயரைக் கேளுங்கள்

கேமிங் கணினி வாங்கப்போகிறேன் என்று என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்தக் கம்பெனியை நம்பி வாங்கலாம்?" அவர்களுக்கு வேண்டியது ஒரு பெயர். சொல்லிவிட்டால் நன்றி கூறிவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்வதில்லை. பிகு செய்கிறேன் என்று சிலருக்குக் கோபம்கூட உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பெயரைச் சொல்லி உத்தரவாதம் கொடுக்கும் துணிவு எனக்குப் போய்விட்டது.

பெயர்ப்பலகை நிற்கிற இடத்தில் நிற்கிறது, உள்ளே இருப்பவர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஏலியன்வேர் 1996-இல் தனி நிறுவனமாகப் பிறந்தது. 2006-இல் டெல் அதை வாங்கிக்கொண்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் வெளியேறி 2009-இல் ஆரிஜின் பிசியைத் தொடங்கினார்கள். அதையும் 2019-இல் கோர்சேர் வாங்கியது. வாடிக்கையாளர் சேவைக்குப் பேர்போன ஈவிஜிஏ, 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு தொழிலுக்கே முழுக்குப் போட்டுவிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய ஒருவர் "தங்கமான கம்பெனி" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் புகழும் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

எனவே பெயருக்குப் பதிலாக ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்புகிறேன். அதற்கு முன் ஒரு சிறு சச்சரவைத் தீர்த்துவிடுகிறேன். "பாகங்களை வாங்கி நீயே கோத்துக்கொள், எதற்கு ஆயத்தக் கணினி?" என்று அலுத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. எனக்குக் கோக்கத் தெரியும், பிடிக்கவும் செய்யும். ஆனாலும் அந்த அலட்டல் எனக்குப் பிடிப்பதில்லை. 2020, 2021-இல் கிராபிக்ஸ் கார்டுகள் கடைக்கு வந்த நிமிடமே காணாமல்போன காலத்தில், முழுக் கணினியாக வாங்குவதுதான் பலருக்குக் கார்டு கிடைக்க நியாயமான வழியாக இருந்தது. நேரம் இல்லாதவர், கை நடுங்குகிறவர், ஏதாவது ஒன்று கெட்டால் ஒரே இடத்தில் கேட்க வேண்டும் என்று நினைப்பவர், இவர்கள் எல்லாரும் ஆயத்தக் கணினி வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

இனி அந்தக் கேள்வி: இந்தக் கணினியில் இருக்கும் பவர் சப்ளையின் தயாரிப்பாளர் யார், மாடல் என்ன? சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிதான் பவர் சப்ளை.

ஏன் அதை மட்டும் கேட்கச் சொல்கிறேன் என்றால், எந்த விற்பனைப் பக்கத்தை எடுத்தாலும் ஒரு விந்தை கண்ணில் படும். வாங்குபவருக்குத் தெரிந்த பாகங்களுக்கெல்லாம் பெயர் இருக்கும். தெரியாத பாகங்களுக்கு எண் மட்டும் இருக்கும். பிராசசருக்கு முழுப் பெயர். கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரிய எழுத்தில் பெயர். அதற்குக் கீழே "16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 750 வாட் பவர் சப்ளை." அந்த 750 வாட்டை யார் செய்தார்கள்? எழுதியிருக்க மாட்டார்கள். லாபத்தைக் கூட்ட வேண்டுமானால் கத்தரி விழுவது இந்தப் பெயரில்லாத வரிகளில்தான். கூச்சமின்றிப் பவர் சப்ளையின் மாடலை எழுதும் நிறுவனம், மற்ற வரிகளிலும் பெரும்பாலும் ஒளிக்காது. நான் பார்த்தவரை இது அநேகமாகப் பொய்த்ததில்லை.

"80 பிளஸ் கோல்டு என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். அந்த முத்திரை, பவர் சப்ளை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கு மட்டுமே சான்று. மிகைச் சுமை வந்தால் தன்னை அணைத்துக்கொள்ளுமா, அணையாமல் வெடிக்குமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 2021-இல் இதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று கிடைத்தது. கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் என்ற இரண்டு பவர் சப்ளைகள் சோதனை மேசையில் வெடித்தன. இரண்டிலும் கோல்டு முத்திரை இருந்தது. கார்டு தட்டுப்பாட்டுக் காலத்தில் கிராபிக்ஸ் கார்டோடு கட்டாய இணைப்பாகத் தலையில் கட்டப்பட்டவை இவை என்பது கூடுதல் வேதனை. பிறகு நிறுவனம், மிகைச் சுமையில் அணைய வேண்டிய எல்லையை 120 முதல் 150 சதவீதம் என்பதிலிருந்து 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்து, பழையதை மாற்றித் தரவும் முன்வந்தது. மாடல் பெயர் தெரிந்தவர்களுக்குத் தங்கள் பெட்டிக்குள் இருப்பது அதுதானா என்று பார்க்க முடிந்தது. "750 வாட்" என்று மட்டும் ரசீது வைத்திருந்தவர்கள் பெட்டியைத் திறந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

பெயர் எழுதியிருந்தாலே போதுமா? அதிலும் ஒரு கண்கட்டு உண்டு. கிராபிக்ஸ் கார்டில் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கப்படுவது புதிதல்ல. ஜிடிஎக்ஸ் 1060 வந்த காலத்தில் 6 ஜிபி கார்டில் 1280 செயல் மையங்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 3 ஜிபி கார்டில் 1152. வித்தியாசம் நினைவகத்தில் மட்டும்தான் என்று எண்ணி வாங்கியவர்கள் ஏராளம். ஆர்டிஎக்ஸ் 3060 முதலில் 12 ஜிபியுடன் 192 பிட் அகல நினைவகப் பாதையில் வந்தது. பின்னர் வந்த 8 ஜிபி வகைக்கு 128 பிட் பாதைதான். ஆர்டிஎக்ஸ் 3050-இலும் 8 ஜிபிக்கு ஒன்று, 6 ஜிபிக்கு இன்னொன்று, செயல் மையங்களின் எண்ணிக்கையும் வேறு. விற்பனைப் பக்கத்தில் "ஆர்டிஎக்ஸ் 3060" என்று மொட்டையாக எழுதியிருந்தால், அது எழுதியவரின் மறதி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. ஜிபி எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரேமைப் பற்றி மட்டும் பேசினாலே ஒரு மாலை போய்விடும். சுருக்கமாக ஒன்று. 16 ஜிபி என்பது ஒரே துண்டாக வருகிறதா, 8 ஜிபி துண்டு இரண்டாக வருகிறதா என்று கேட்க வேண்டும். பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டு துண்டுகள் இருந்தால்தான் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான இரண்டு பாதைகளும் வேலை செய்யும். டிடிஆர்5 6000 என்று விற்கப்படும் ரேம், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கிவைக்காவிட்டால் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதை இயக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் பெட்டியை மூடி அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் விளையாடிவிட்டு, அடுத்த கணினி வாங்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்.

என் அக்கா மகன் வாங்கிய கணினியைத் திறந்து பார்த்தது நினைவுக்கு வருகிறது. வாங்கிய பிறகுதான் என்னிடம் வந்தான், மருமகன்கள் அப்படித்தான். "மாமா, எல்லாம் நல்ல பாகம்தான், ஆனால் விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது" என்றான். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். பாகங்கள் அவன் சொன்னதுபோலவே நல்ல பாகங்கள். ஆனால் ரேம் துண்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டு இடங்களில் செருகப்பட்டிருந்தன. நான்கு இடம் உள்ள மதர்போர்டில் ஓர் இடம் விட்டு, இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும் என்பது பாலபாடம். கையேட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். ஒட்டிச் செருகினால் இரண்டு துண்டுகளும் ஒரே பாதையில் போய் நிற்கும். பின்பக்கத்து ஃபேன் காற்றை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தாலே தெரிகிற தவறு. கேபிள்கள் மட்டும் அழகாக, ஒரே இடைவெளியில் கட்டப்பட்டிருந்தன. புகைப்படத்தில் தெரிவது அதுதானே.

இவை திருத்தக்கூடிய பிழைகள்தான். கோப்பவரும் மனிதர், நாளின் கடைசிப் பெட்டியாக இருந்திருக்கலாம். அந்த நிறுவனத்தைப் பற்றி நான் முடிவுக்கு வந்தது அவன் அவர்களைத் தொலைபேசியில் அழைத்தபோது. "கணினி ஆன் ஆகிறதல்லவா? ஆகிறதென்றால் எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை. நீங்கள் பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள், ஸ்டிக்கர் கிழிந்திருக்கும், வாரண்டி போய்விட்டது" என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தவறாகக் கோத்ததைக் கண்டுபிடித்ததே குற்றமாகிவிட்டது.

அந்த ஸ்டிக்கர் விவகாரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "கழற்றினால் வாரண்டி செல்லாது" என்று ஒட்டுவது சட்டப்படி நிற்காத மிரட்டல் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன் பலமுறை சொல்லியிருக்கிறது. அங்கே 1975-இல் வந்த மாக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம்தான் அடிப்படை. 2018-இல் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உள்ளிட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. 2024 ஜூலையில் இதே காரணத்துக்காக ஏஎஸ்ராக், கிகாபைட், சோட்டாக் ஆகிய மூன்றுக்கும் போனது. மூன்றும் கேமிங் கணினியின் வயிற்றுக்குள் இருக்கும் பெயர்கள். உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் ரேம் சேர்க்கவோ தூசி தட்டவோ பெட்டியைத் திறக்கலாமா என்று வாங்கும் முன்பே கேட்டால், நிறுவனத்தின் குணம் அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். "தாராளமாகத் திறக்கலாம், நீங்கள் உடைத்தால் மட்டும் பொறுப்பேற்க மாட்டோம்" என்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்பவர்களைத் தேடுங்கள்.

வாரண்டி என்று வரும்போது ஆண்டுக் கணக்கை மட்டும் பார்ப்பது பலரின் பழக்கம். மூன்று ஆண்டு என்று போட்டிருக்கும்; உள்ளே போய்ப் படித்தால் பழுதுபார்க்கும் கூலிக்கு மூன்று ஆண்டு, பாகங்களுக்கு ஓராண்டு என்று இருக்கும். பழுதானால் கணினியை அனுப்பும் செலவு யாருடையது என்பது அதைவிட முக்கியம். கண்ணாடி பதித்த, பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள பெட்டியை இரு வழியும் நம் செலவில் அனுப்ப வேண்டுமென்றால் அந்த வாரண்டி பேருக்குத்தான். பழுதான பாகத்தை மட்டும் அனுப்பலாமா? மாற்றுப் பாகம் முன்கூட்டியே வருமா? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் எழுதியிருக்கும் வாரண்டிப் பக்கம் எனக்கு நம்பிக்கை தரும்.

பாகத் தயாரிப்பாளரின் வாரண்டி நமக்கு வந்து சேருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு, காலப்போக்கில் தேய்ந்து, விளையாட்டின் நடுவே செயலிழப்பது அம்பலமானது. ஆகஸ்டில் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் வந்தது. வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். இன்டெல் பெட்டியில் பிராசசரைத் தனியாக வாங்கியவர்களுக்கு மூன்று ஆண்டு ஐந்தாக மாறியது. அவர்கள் நேராக இன்டெலிடம் போகலாம். ஆயத்தக் கணினியோடு வந்த பிராசசர் என்றால், கணினியை விற்றவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதாவது இன்டெல் செய்த பிழைக்கு, உங்களுக்கும் இன்டெலுக்கும் நடுவே நிற்பவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே பரிகாரம் அமைந்தது. பியூஜெட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் அந்த நேரத்தில் தன்னிடம் பதிவான பழுதுக் கணக்குகளை வெளிப்படையாக எழுதியது. பாதிக்கப்பட்டவர்கள் எந்த வாரண்டி வாங்கியிருந்தாலும் மூன்று ஆண்டுவரை பார்த்துக்கொள்வதாகவும் அறிவித்தது. அவர்கள் விற்பது பெரும்பாலும் தொழில்முறைக் கணினிகள், கேமிங் அல்ல. ஆனால் ஒரு நிறுவனத்தை எடைபோட நான் பார்ப்பது இப்படிப்பட்ட நாட்களைத்தான். எல்லாம் நன்றாக ஓடும்போது எல்லா நிறுவனமும் நல்ல நிறுவனம்.

என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 கேபினட் (கணினிப் பெட்டி) விஷயத்தையும் இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். அதன் உள்ளே கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பலகையில் ஒரு திருகு, மின்சாரம் ஓடும் செம்புத் தடத்தைத் தொட்டுத் தீப்பிடிக்க வழி இருந்தது. முதலில் நைலான் திருகுகளை அனுப்பிச் சமாளித்தார்கள். அது போதாது, பலகையே தவறு என்று விமர்சகர்கள் விடாமல் குடைந்த பிறகு, 2021 பிப்ரவரியில் முறைப்படி திரும்பப் பெற்று, பலகையை மாற்றித் தந்தார்கள். இதில் கண்டிக்கவும் இடம் இருக்கிறது, ஒப்புக்கொண்டு திருத்தியதைக் குறித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

விளம்பரப் புகழைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டை நேரலையில் ஒளிபரப்புகிறவர்கள் தள்ளுபடிக் குறியீடு கொடுத்துப் பரிந்துரைக்கும் நிறுவனம் நல்ல நிறுவனமாக இருக்கலாம். பரிந்துரைக்குக் காரணம் அது அல்ல. ஆர்டீசியன் பில்ட்ஸ் அப்படித்தான் வளர்ந்தது. 2022 மார்ச்சில் ஓர் இலவசக் கணினிப் பரிசளிப்பில், வென்ற சிறிய ஒளிபரப்பாளருக்குப் பின்தொடர்பவர் போதாது என்று சொல்லிப் பரிசைத் தர மறுத்தார்கள். கூச்சல் எழுந்தது, பங்காளிகள் விலகினார்கள், சில நாட்களிலேயே நிறுவனம் கடையை மூடியது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களும் பழுதுபார்க்க அனுப்பியிருந்தவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். வாரண்டி அட்டை பத்திரமாக இருந்தது, அதை நீட்டுவதற்கு ஆள் இல்லை. எத்தனை வருடமாகத் தொழில் செய்கிறார்கள் என்ற சலிப்பூட்டும் கேள்விக்கு அதனால்தான் மதிப்பு.

இதன் மறுபக்கம், பெரிய நிறுவனங்கள் ஓடிப்போகாது, ஆனால் பூட்டுப் போட்டுவிடும். ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு 1995-இலிருந்து இருக்கிறது. அந்த அளவில் செய்த மதர்போர்டும் பவர் சப்ளையும் அதே அளவுக்கென்று செய்த எவருடைய கேபினட்டிலும் பொருந்தும். பெரிய நிறுவனங்கள் சில தங்களுக்கென்று தனி வடிவத்தில் செய்துகொள்கின்றன. வாரண்டி முடிந்த பிறகு பவர் சப்ளை போனால் கடையில் கிடைக்கும் எதுவும் பொருந்தாது. 2021-இல் கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூடியூப் சேனல் ஏலியன்வேர் ஆர்10-ஐப் பிரித்துப் பார்த்துக் கடுமையாகக் குறைசொன்னதில் முக்கியமானவை இந்தத் தனிவடிவமும் போதாத காற்றோட்டமும்தான். மூன்று ஆண்டு விளையாடிவிட்டு அப்படியே தள்ளிவிடப் போகிறவருக்கு இது பெரிய குறை இல்லை. இடையிடையே பாகம் மாற்றிக்கொண்டே போக நினைப்பவர் "மதர்போர்டும் பவர் சப்ளையும் ஏடிஎக்ஸ் அளவா?" என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

வாங்கியவர்களின் மதிப்புரைகளைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களை நான் தாண்டிப் போய்விடுகிறேன். பெட்டி வந்த வாரத்திலேயே "மதிப்புரை எழுதுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். விளக்குகள் வண்ணம் வண்ணமாக எரியும் குதூகலத்தில் எழுதியவை அவை. ஒற்றை நட்சத்திரங்களில் பாதி கூரியர்காரர்மேல் உள்ள கோபம். இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள்தான் நிதானமாக எழுதுகிறார்கள்: எட்டாவது மாதம் கார்டு போனது, அனுப்பினோம், இத்தனை வாரம் ஆனது, வந்தது அல்லது வரவில்லை. அவற்றுக்கு நிறுவனம் எழுதும் பதிலையும் படியுங்கள். எல்லாருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டியிருந்தால், அங்கே படிப்பதற்கு ஆள் இல்லை. வாங்கிச் சோதிப்பவர்களில், பெயரை மறைத்து வாங்கி, வேண்டுமென்றே ஒரு சின்னக் கோளாறை உண்டாக்கி, உதவி எண்ணை அழைத்துப் பார்க்கும் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனலின் தொடர் எனக்குப் பிடித்தது. விளையாட்டில் எத்தனை ஃபிரேம் வந்தது என்பதைவிட, உதவி மையத்தில் இருப்பவர் எத்தனை நிமிடம் காக்கவைத்தார் என்பது நமக்குப் பிற்பாடு அதிகம் உதவும்.

அந்தச் சோதனையைச் சிறிய அளவில் நாமே செய்யலாம். வாங்கும் முன் விற்பனைப் பிரிவுக்கு அல்லாமல் உதவிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பவர் சப்ளை மாடல், ரேம் எத்தனை துண்டு, பெட்டியைத் திறக்கலாமா. அக்கா மகனின் நண்பன் ஒருவன் இப்படி எழுதிப் பார்த்தான். ஓரிடத்திலிருந்து "உயர்தரமான பவர் சப்ளை பயன்படுத்துகிறோம், கவலை வேண்டாம்" என்று வந்தது. இன்னோரிடத்தில் மாடல் எண்ணைச் சொல்லி, "இருப்பு தீர்ந்தால் இந்த மாடலோ அந்த மாடலோ வரலாம், வந்தால் முன்பே தெரிவிப்போம்" என்று ஒருவர் தன் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். அவன் இரண்டாவது இடத்தில் வாங்கினான். கொஞ்சம் விலை கூடுதல்தான்.

கணினி வந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. பெட்டியைப் பிரிப்பதைக் கைபேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். உடைந்து வந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. மின்சாரம் கொடுக்கும் முன் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கார்டு ஆடாமல் இருக்க உள்ளே நுரைப் பொதி வைத்து அனுப்புவது நல்ல நிறுவனங்களின் வழக்கம். அதை எடுக்காமலே ஆன் செய்தவர்கள் உண்டு. புதிய கார்டுகளின் 16 முனை மின் இணைப்பி இடைவெளியில்லாமல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இணைப்பிகள் உருகியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது முழுதாகச் செருகாததுதான். பிறகு பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்து, உங்களுக்குச் சொன்ன மாடலோடு ஒப்பிடுங்கள். திரையின் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், உங்களிடம் இருப்பதிலேயே கனமான விளையாட்டை இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். அந்தக் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.